இருபது யூனிட்

பிப்ரவரி 3, திங்கள்

தேர்வுத் தேதி வந்துவிட்டது. ஏப்ரல் 8, சென்னை, காலை எட்டு மணி. இன்னும் அறுபத்து நான்கு நாள்.

அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய உரிமத் தேர்வு இது. ஆன்லைனில் வகுப்பு எடுக்கும் மேடம், தவறவிடும் கேள்விகளைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் தவறவிடுவது குறைவு. மிச்சமிருக்கும் பக்கங்களில் மற்றதையும் எழுதலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

நான் தேறிவிடுவேன். பாளையங்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம். ஆண்கள் மெடிக்கல் வார்டில் முப்பது படுக்கை. ஒருவர் மூச்சு விடுவதைக் கதவருகில் நின்று பார்த்தே ஆக்சிஜன் வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் என்னிடம் புதிதாக எதைக் கேட்டுவிடப் போகிறது?

மின்னஞ்சலை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த கையோடு போனைத் தொடப் பார்த்தார், கிரீஸ் கை. தள்ளி நின்று படித்துவிட்டு, "ஏப்ரல் எட்டா? பெனிட்டாவுக்கு அப்ப பப்ளிக் எக்ஸாம் நடந்துக்கிட்டு இருக்குமே. வீட்ல அம்மையும் மவளும் பரீச்சை எழுதுதிய, நா மட்டும் சோறு பொங்கணும்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அவர் குரல் தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து முதல் முழு மாதிரித் தேர்வு எழுதினேன். மருந்தியல் 92. இதயம், நுரையீரல் 88. பணி ஒப்படைப்பு 54.

இந்தப் பணி ஒப்படைப்புதான் தொல்லை. எந்த வேலையை நர்ஸ் தானே செய்ய வேண்டும், எதை உதவியாளரிடம் கொடுக்கலாம் என்று கேட்பார்கள். நான் எல்லாக் கேள்விக்கும் எங்கள் வார்டில் நடப்பதையே எழுதினேன். பாதி தப்பு.

சாயங்காலம் அவர் கேள்வி வாசித்தார், நான் பதில் சொன்னேன். டிகாக்சின் என்ற மருந்தின் பெயரை "டிகோ சின்" என்று ஏதோ சீனாக்காரன் பெயர் மாதிரி வாசிக்கிறார்.

"நாலு பேசன்ட்டு இருக்காங்க. யாரை மொதல்ல பாக்கணும்? ஒண்ணு, ஆபரேசன் முடிஞ்சு வலிக்குதுன்னு கத்துதவரு. ரெண்டு, காய்ச்சல் நூத்தி ஒண்ணு. மூணு, வீட்டுக்குப் போவணும்னு சண்டை போடுதவரு. நாலு, ஆஸ்துமாக்காரரு, இழுப்பு நின்னுபோச்சு, அமைதியா இருக்காரு."

"நாலு."

"அவருதான் அமைதியா இருக்காருல்லா?"

"இழுப்புச் சத்தம் நின்னா காத்தே போகலைன்னு அர்த்தம். கத்துறவனுக்கு மூச்சு இருக்கு."

அவர் விடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னும் நூறு கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பிப்ரவரி 12, புதன்

தவறவிட்ட கேள்வி: ஒரு நர்ஸ் ஊசியில் எடுத்து வைத்த மருந்தை இன்னொருவர் போடலாமா? விடை: எக்காரணம் கொண்டும் கூடாது. எடுத்தவரே போட வேண்டும்.

எங்கள் வார்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காலை ஏழரைக்குப் பதினோரு பேருக்கு இன்சுலின். ஒருத்தி எடுத்துக்கொண்டே இருப்பாள், ஒருத்தி போட்டுக்கொண்டே போவாள். போடுவது கனி அக்கா.

கனி அக்காவைப் பற்றி எழுத வேண்டும். சண்முகக்கனி, வயது ஐம்பத்தொன்று. ஏ.என்.எம். மட்டும் படித்தவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். படித்தது எங்களைவிடக் குறைவு என்பதால் சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. ஆனால் நரம்பு கிடைக்காத நோயாளிக்கு டாக்டரே அவரைத்தான் கூப்பிடுவார். தேர்வின் சட்டப்படி அவரை என்னென்ன செய்யவிடக் கூடாது என்று டீ நேரத்தில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நாங்கல்லாம் அங்க என்னத்துக்குட்டி இருக்கோம்? பெட்சீட்டு மாத்தவா?"

"ஆமாக்கா. குளிப்பாட்டலாம், டெம்பரேச்சர் பாக்கலாம்."

"நல்ல ஊருதான். நீ போ. நா வரலை" என்று என் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினான்காம் பெட்டுக்குப் புதிதாக ஒருவர். ஐயம்பெருமாள், அறுபத்திரண்டு வயது. பாபநாசம் ரூட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் சர்க்கரைப் புண், சுத்தம் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று நான்கு வாரம் இருப்பார். காலையில் இருபது யூனிட் இன்சுலின், சாயங்காலம் பன்னிரண்டு.

மனைவி பேச்சியம்மாள் கூடவே இருக்கிறார். நாங்கள் சொல்வதையெல்லாம் அந்த அம்மா அவரிடம் ஒருமுறை மறுபடி சொல்கிறார், எங்களுக்குத்தான் பாஷை தெரியாதது மாதிரி.

மாதிரித் தேர்வு: 79. நன்றாக ஏறுகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

காலை டியூட்டி. பத்தே முக்காலுக்குப் பேச்சியம்மாள் ஓடி வந்தார். "சிஸ்டர், இவரு என்னமோ உளறுதாரு. என்னையப் பாத்து டிக்கெட் எடுத்தியான்னு கேக்காரு."

போய்ப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுகர் 34. டாக்டர் வரும்வரை காத்திருக்கவில்லை. விழுங்கும் நிலையில் இல்லாததால் வாயில் எதையும் ஊற்றவிடாமல் பேச்சியம்மாள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தேன். நரம்பு வழியே போட குளுக்கோஸ் எடுத்து வர ஆள் அனுப்பிவிட்டு டாக்டரிடம் போனிலேயே உத்தரவு வாங்கினேன். ஏழு நிமிஷத்தில் கண் தெளிந்தது. பதினைந்து நிமிஷத்தில் சுகர் 96. இந்த இன்சுலின் பகல் முழுக்க வேலை செய்யும் என்பதால் ட்ரிப் ஓடவிட்டு மணிக்கொரு தரம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வில் இதை ஒரு கேள்வியாகக் கேட்டால் வரிசை மாறாமல் இதைத்தான் எழுத வேண்டும். டாக்டர், "வெல் டன் சிஸ்டர்" என்றார்.

காலையில் வார்டில் கூட்டம் அதிகமாக இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஐயம்பெருமாள் நன்றாக இருக்கிறார். இட்லி சாப்பிட்டார்.

பார்மசியிலிருந்து முந்தாநாள் வந்த இன்சுலின் பாட்டில் வேறு வகை. வழக்கமாக வருவது ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். இது நூறு யூனிட். எங்களிடம் இருக்கும் சிரிஞ்சு நாற்பதுக்கானது. அந்தச் சிரிஞ்சில் இருபது கோடு வரை எடுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். புதுப் பாட்டிலைத் திறந்தது பதினான்காம் பெட்டுக்குத்தான். மற்றவர்களுக்குப் பழைய பாட்டிலிலேயே முடிந்திருந்தது, சாயங்கால ஊசிக்கு வழக்கமான பாட்டில் வந்துவிட்டது. நூறு யூனிட் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனி நாற்பதுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இனி யாருக்கும் ஆகாது.

மதியம் மேட்ரன் லூர்து மேடம் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். பதினான்காம் பெட்டுக்கு நேற்று காலையில் இன்சுலின் போட்டது யார் என்று கேட்டார்.

"நாந்தான் மேடம்" என்றார் கனி அக்கா.

"ரெண்டு தடவை போட்டியா?"

"இல்ல மேடம். ஒரு தடவைதான்… ஒரு தடவைதான் போட்டேன்னு நெனைக்கேன்."

"நெனைக்கிறியா?"

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "ஹெப்சிபா, அவ ஊசி போடும்போது நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அது உண்மை. நான் பக்கத்தில் இல்லை.

பிப்ரவரி 22, சனி

மாதிரித் தேர்வு: 68. கண் வலி.

பிப்ரவரி 24, திங்கள்

கனி அக்காவை ஊசி போடுவதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழே துணி அறையில், சலவைக்குப் போகும் துணியை எண்ணி அனுப்பும் வேலை. மாதக் கடைசியில் மேலே முடிவு செய்வார்களாம்.

துணி அறையில் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். அவருக்கு முழங்கால் வலி வேறு. அங்கே கொஞ்ச நாள் இருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

இந்த மாதம் நான் மேட்ரனிடம் அனுபவச் சான்றிதழ் கேட்க வேண்டும். தேர்வு முடிந்ததும் அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க அது அவசியம். அது கைக்கு வந்த பிறகு எதையும் நிதானமாகப் பேசலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

கேள்வி: ஒரு நர்ஸ் தான் தவறான அளவு மருந்து கொடுத்துவிட்டதை உணர்கிறார். முதலில் செய்ய வேண்டியது என்ன?

நான் தேர்ந்தெடுத்தது: நோயாளியின் நிலையைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு நடந்ததை நடந்தபடி அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

சரி. முழு மதிப்பெண்.

மார்ச் 1, சனி

பெனிட்டா எதிரில் உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா, அரை மணி நேரமா ஒரே பக்கத்துலயே இருக்கிய" என்றாள். அது கடினமான பக்கம் என்றேன். எட்டிப் பார்த்தாள். கை கழுவும் முறை.

அவர் சாப்பிடும்போது என் தட்டில் இன்னொரு கரண்டி மீன் குழம்பு விட்டார்.

மாதிரித் தேர்வு எழுதவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மதியம் டியூட்டி முடிந்து படி இறங்கும்போது கனி அக்கா துணி அறை வாசலில் நின்றார். கையில் பேனா, சிட்டை. என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஹெப்சி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். யாருட்டயும் சொல்லிராத. இந்த மறதி நோயிக்கு எந்த டாக்டரப் பாக்கணும்?"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். நா ரெண்டு தடவ போட்டுருக்கேன் ஹெப்சி. இல்லைன்னா அந்த மனுசனுக்கு எப்படி அவ்வளவு கீழ எறங்கும்? ஆனா எனக்கு நெனவே இல்ல. எப்படி யோசிச்சாலும் ஒரு தடவ போட்டதுதான் கண்ணுக்குள்ள வருது." சிட்டையைக் காட்டினார். "பாரு, துணி எண்ணுததைக்கூட மூணு தடவ எண்ணுதேன். முன்ன இப்படி இல்ல. எங்க அம்மைக்கும் கடைசில இப்படித்தான் வந்துச்சு. பெத்த பிள்ளையவே தெரியலை."

அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. நரம்பு தேடுகிறவர்களுக்கே உரிய பிடி, அழுத்தாமல் உறுதியாக.

"நீ படிக்கியல்லா, ஒனக்குத் தெரியும். ஆரம்பத்துலயே பாத்தா நிறுத்திறலாமாமே?"

நான் ஒரு டாக்டர் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 20 காலை நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

ஏழு இருபத்தைந்து. பத்துப் பேருக்கு ஊசி எடுத்துக் கொடுத்தாயிற்று. பழைய பாட்டில் காலி. புதிய பாட்டிலைத் திறந்தேன். கேள்விப் பயிற்சி ஆப் தினமும் காலையில் பத்துக் கேள்வி அனுப்பும். பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். போன் மருந்துத் தட்டின் ஓரத்தில் இருந்தது. எட்டுக் கேள்வி முடித்திருந்தேன், இன்னும் ஒன்றரை நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இருபது கோடு வரை இழுத்தேன். "பதினாலு, கொஞ்சம் போட்டுருங்கக்கா" என்று கனி அக்கா கையில் கொடுத்துவிட்டு ஒன்பதாவது கேள்விக்குத் திரும்பினேன்.

அன்று பத்துக்குப் பத்து வாங்கினேன்.

கூட்டம் அதிகம் என்று எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை எப்போதும் இருக்கும் கூட்டம்தான்.

மறுநாள் பாட்டிலைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்மசிக்கு எழுதிக் கொடுத்தபோது தெரியும். மேட்ரன் முன் நின்றபோது தெரியும். பக்கத்தில் இருந்தாயா என்று அவர் கேட்டார். மருந்தை எடுத்தது யார் என்று கேட்கவில்லை. அந்த ஒரு சந்து கிடைத்தது, அதில் நுழைந்துகொண்டேன். பன்னிரண்டு நாளாக அதற்குள்ளேயே இருக்கிறேன்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே, முகத்தைப் பார்க்காமல். அவர் கேட்டுக்கொண்டே தக்காளி நறுக்கினார். முடித்ததும் கத்தியைக் கழுவி வைத்தார்.

"இதுல அந்த அம்மாவுக்கு மூளையில ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லங்க. எண்ணுறதுல ஒரு தப்பு வராது அவங்களுக்கு."

"நாளைக்கு டியூட்டி எத்தன மணிக்கு?"

"ஏழு."

"ஆறரைக்கு வண்டிய எடுக்கேன். மேட்ரன் வர்றதுக்கு முன்னால நீ அங்க இருக்கணும்."

"சர்ட்டிபிகேட் தரமாட்டாங்க."

"தரமாட்டாங்கதான்" என்றார். "சாப்பிடு."

மார்ச் 6, வியாழன்

அறிக்கையை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போனேன். ஒரு பக்கம். நேரம், பாட்டில், சிரிஞ்சு, அளவு, போன். காரணம் என்று எதையும் எழுதவில்லை.

லூர்து மேடம் இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை நீ குடுக்கலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"பதினாலு வருஷத்துல உன் பேர்ல ஒரு மெமோ இல்ல. நா உன்னைத்தான் எல்லாருக்கும் உதாரணமாச் சொல்லுவேன்." கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகமாகத் தெரிந்தது. "பத்து நாள் சஸ்பென்ஷன். சர்ட்டிபிகேட் தருவேன். ஆனா இந்தச் சம்பவமும் அதுல இருக்கும். வேணுமா?"

"வேணும் மேடம்."

"சண்முகக்கனி நாளைலேருந்து வார்டுக்கு வரட்டும். அவகிட்ட நீயே சொல்லு. பேசன்ட்கிட்ட டாக்டரும் நானும் வர்றோம், நீ பேசு."

முதலில் பதினான்காம் பெட். அன்று உங்களுக்குச் சுகர் இறங்கியது தானாக நடந்ததல்ல, நான் மருந்தைத் தவறாக எடுத்ததால் நடந்தது என்று சொன்னேன். இருபதுக்குப் பதில் ஐம்பது. பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நீங்கதான் காப்பாத்துனியன்னு நா ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேனே சிஸ்டர். எங்க மவகிட்ட, மருமவன்கிட்ட… எல்லார்ட்டயும் சொன்னேனே!"

மன்னிப்புக் கேட்டேன். ஐயம்பெருமாள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலம் ஊசி போட வரும்போது பாட்டிலையும் கொண்டாங்க. நா படிச்சுப் பாத்துட்டுத்தான் கையக் காட்டுவேன். எவரு வந்தாலும் சரி" என்றார்.

"அப்படியே செய்யச் சொல்றேன்" என்றார் மேட்ரன்.

பிறகு துணி அறை. நான் சொல்லச் சொல்ல, கனி அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்த டாக்டர்ட்டப் போனேன். அடுத்த வாரம் தலைய ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லிருக்காரு. ராத்திரி எம் மவன்ட்ட, எனக்கு மறந்துபோச்சுன்னா என்னைய எங்கயும் கொண்டு விட்டுராதலன்னு சொல்லி அழுதேன்."

"யக்கா…"

"யக்கான்னு கூப்பிடாத." குரல் உயரவில்லை. "என் தலை கெட்டுப்போச்சுன்னு நா நம்புனேன்ட்டி. நீ பாத்துக்கிட்டு இருந்த. போ. எனக்கு வேல கெடக்கு."

மார்ச் 9, ஞாயிறு

சஸ்பென்ஷன் நாட்கள். வீடு துடைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொல்லிட்டிய, அதான் முக்கியம்" என்றாள். பன்னிரண்டு நாள் சொல்லவில்லை என்பதும் முக்கியம்தான் என்றேன். யோசித்துவிட்டு, "ஆமா, அதுவும்தான்" என்றாள். நல்ல பிள்ளை.

மார்ச் 12, புதன்

மாதிரித் தேர்வு: 84. பணி ஒப்படைப்பு 90.

இப்போது அந்தக் கேள்விகள் புரிகின்றன. இதுவரை அவற்றை யாருக்கு எந்த வேலை தகும் என்ற தகுதிக் கேள்வியாகவே படித்து வந்தேன். வேலையை யாரிடம் கொடுத்தாலும் அதற்குப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கேட்கிறார்கள். கனி அக்காவைவிட நான் அதிகம் படித்தவள் என்பதற்கு அந்தத் தேர்வில் ஒரே ஒரு அர்த்தம்தான்: தப்பு நடந்தால் முதலில் எழுந்து நிற்க வேண்டியவள் நான்.

நான் தேறிவிடுவேன். இன்று இதை வேறு மாதிரி எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

மறுபடி டியூட்டி. வார்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பது அவர்கள் கேட்காததிலேயே தெரிந்தது. போனை இப்போது கீழே லாக்கரில் வைத்துவிட்டு வருகிறேன். இன்சுலின் எடுப்பவரே போட வேண்டும், இன்னொருவர் பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேட்ரன் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார். காலையில் இருபது நிமிஷம் தாமதமாகிறது. டாக்டர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆகட்டும்.

இன்று எனக்கு ஒப்பிட்டுப் பார்த்தவர் கனி அக்கா. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "நாப்பது. சிரிஞ்சு நாப்பது. இருபது யூனிட்" என்றார். கையெழுத்துப் போட்டார். பாட்டிலை என் கையில் தராமல் தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஸ்கேன் எடுக்கப் போகவில்லை என்று இன்னொரு நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஐயம்பெருமாளும் பாட்டிலை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பஸ் போர்டு படிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். பிறகுதான் கையை நீட்டினார். என்னிடம்தான் நீட்டினார்.

மார்ச் 20, வியாழன்

ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போகிறார். பேச்சியம்மாளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். இரண்டு வகைப் பாட்டில், இரண்டு வகைச் சிரிஞ்சு, நான்கையும் மேஜையில் கலைத்து வைத்து ஜோடி சேர்க்கச் சொன்னேன். முதல் தடவை தடுமாறினார். ஐந்தாவது தடவை நான் வேண்டுமென்றே தப்பாக எடுத்து நீட்டினேன்.

"இது வேற சிஸ்டர்! இது நூறு. ஏமாத்தப் பாக்கியளா?"

சுகர் இறங்கினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். "அப்புறம் எங்கிட்ட டிக்கெட் கேப்பாரு" என்றார். ஐயம்பெருமாள் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. ஆனால் சிரிஞ்சைப் பிடித்திருந்த விதம் சரியாக இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய், சென்னை

எழுதிவிட்டேன்.

உள்ளே போகும்போது உள்ளங்கை நரம்பைக்கூட ஸ்கேன் செய்கிறார்கள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். அவர் ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

குறைந்தது எண்பத்தைந்து கேள்வி, அதிகபட்சம் நூற்றைம்பது. நாம் தேறுவோமா மாட்டோமா என்று கம்ப்யூட்டருக்கு உறுதியானதும் நிறுத்திவிடும். எண்பத்தைந்தைத் தாண்டியது. தொண்ணூறு. நூறு. பக்கத்து மேஜைப் பெண் அழ ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு இன்னும் என்மேல் சந்தேகம் இருக்கிறது, கேட்கட்டும், நியாயம்தான் என்று தோன்றியது. ஒவ்வொரு கேள்வியையும் கடைசிச் சொல்வரை படித்தேன். நூற்றுப் பன்னிரண்டில் திரை நின்றது.

வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். "எப்படி?"

"படிச்சுப் பாத்து எழுதினேன்" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தேர்ச்சி.

பெனிட்டா கணக்குப் பரீட்சை முடித்து வந்த சந்தோஷத்தோடு இதுவும் சேர்ந்து வீடே கத்தியது. அவர் ஒர்க்‌ஷாப்பைப் பாதியில் மூடிவிட்டு அல்வா வாங்கி வந்தார். இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டு வந்து, மின்னஞ்சலை ஒவ்வொரு வரியாக வாசித்தார். என் முழுப் பெயரை மட்டும் இரண்டு தடவை.

மேட்ரன் சான்றிதழ் கொடுத்துவிட்டார். ஒன்றரைப் பக்கம். சம்பவம் நான்கு வரி. "தாமாகவே முன்வந்து தெரிவித்தார்" என்று எழுதியிருக்கிறார். எத்தனை நாள் கழித்து என்றும் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்தோடு அப்படியே அனுப்பப் போகிறேன். இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பவர்கள் சொல்லட்டும். பார்த்துவிட்டு எடுப்பவர்களிடம் நான் நல்ல நர்ஸாக இருப்பேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அல்வாவை வார்டுக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். கனி அக்கா பதினோரு மணி வரை என் பக்கம் வரவில்லை. பிறகு நான் மருந்து அறையில் தனியாக இருந்தபோது வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"பாஸ் ஆயிட்டியாம்."

"ஆமாக்கா." அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டேன். தடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும். அன்னைக்கு நா வந்து மறதி நோயின்னு ஒங்கிட்டக் கேக்கலைன்னா, நீ சொல்லிருப்பியா?"

நல்ல பதில்கள் இரண்டு மூன்று வாய்வரை வந்தன. தேர்வு முடிந்ததும் சொல்லியிருப்பேன் என்பது ஒன்று. சான்றிதழ் வந்ததும் என்பது இன்னொன்று. அக்கா காத்திருந்தார்.

"தெரியலக்கா" என்றேன். "சொல்லிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கேன்."

என்னை நேராகப் பார்த்தார். வெளியே யாரோ மணி அடித்தார்கள்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். மேஜைமேல் இருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துடைத்தார்.

"வா. மூணாம் பெட் ட்ரிப்பு முடியப் போவுது."